வாய்க்காலில் கழுவிய மண்

மேசன் பதியுதீன் சீமெந்து குழைக்க வருவதற்கு இன்னும் முப்பத்தெட்டு மணித்தியாலம் இருந்தது. வியாழக்கிழமை பின்னேரம் ஐந்து மணி. மறுநாள் வெள்ளிக்கிழமை, வேலையில்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புது வீட்டின் நிலத்துக்குக் கொங்கிரீட் போடுவதென்று வாப்பா சொல்லி வைத்திருந்தார். நிலம் காய்ந்ததும் வெள்ளையடிப்பு. அது முடிந்ததும் ஸப்னாவின் கலியாணம்.

ஸுல்பிகா மலைநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து அன்று மத்தியானம்தான் பாலமுனைக்கு வந்து இறங்கியிருந்தாள். பஸ் மாறி மாறி ஏறி, வழியில் இருந்த சோதனைச் சாவடிகளில் எல்லாம் பையைத் திறந்து காட்டி வந்த களைப்பு இன்னும் போகவில்லை. பைக்குள் இருந்த சாம்பல் நிறப் பெட்டியைப் பற்றி எல்லாச் சாவடியிலும் ஒரே கேள்வி. கதிர்வீச்சை அளக்கிற கருவி என்று சிங்களத்தில் சொல்ல அவளுக்குச் சொல் வரவில்லை. துறைத் தலைவரின் கடிதத்தை நீட்டி, மண் பார்க்கிற மெசின் என்று சொல்லி வைத்தாள். ஒரு பொடியன் சிப்பாய் அதைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, பாட்டு வராதா என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை திருக்கோவில் பக்கத்துக் கரையில் அளவெடுப்பதற்காக இரவல் வாங்கி வந்த கருவி அது. பற்றறி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, முற்றத்தில் நின்று முடுக்கினாள். டிக் என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக். எந்த முற்றத்திலும் கேட்கிற சத்தம்தான். கல்லிலும் மண்ணிலும் மனிதரின் எலும்பிலும்கூட அவ்வளவு உண்டு.

"ராத்தா, இஞ்ச வாகா. என்ட அறைய இன்னும் பாக்கல்லயே நீ" என்று புது வீட்டுக்குள் இருந்து தங்கை ஸப்னா கூப்பிட்டாள்.

கருவியை நிறுத்தாமலே தூக்கிக்கொண்டு ஸுல்பிகா போனாள். நிலைப்படியைத் தாண்டியதும் பெட்டி சடசடக்கத் தொடங்கியது. தகரத்தில் மழை விழுகிற சத்தம்.

"என்னகா அது, பொரி பொரியிற மாதிரி?" ஸப்னா சிரித்தாள். "என்ட ஊட்டுக்க வந்ததுல ஒன்ட பெட்டிக்கும் சந்தோசம் போல."

ஸுல்பிகா குனிந்து கருவியை நிலத்தருகே கொண்டுபோனாள். ஊசி கடைசிவரை ஓடி முட்டிக்கொண்டு நின்றது. அடுத்த அளவுக்கு மாற்றினாள். அங்கேயும் ஊசி பாதிவரை ஏறியது. அவள் நிலத்தைப் பார்த்தாள். அத்திவாரத்துக்குள் விளிம்புமட்டும் நிரப்பி, தண்ணீர் தெளித்து, இடித்து மட்டம் பார்த்த நிலம். கன்னங்கரேல் என்று மினுங்கியது.

"இந்த மண் எங்கால வந்த?"

"வாப்பா சொல்லல்லயா? அவரு ஒனக்குக் காட்டணும் எண்டு பொத்திப் பொத்தி வெச்சிருந்தாரு. நீ கம்பஸுக்கு அள்ளிட்டுப் போற மண்தான். ஏழு ட்ரக்டர்."

ஸுல்பிகா கருவியை நிறுத்தினாள். அறை திடீரென்று அமைதியானது. ஸப்னா கட்டில் எந்தப் பக்கம், அலுமாரி எந்தப் பக்கம் என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொல்லத் தயங்கி, சொல்லாமலும் இருக்க முடியாமல், கூரை வளையைக் காட்டி, தொட்டில் கட்ட வசதியான இடம் என்று உம்மா சொன்னதாகச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நல்லம்" என்றாள் ஸுல்பிகா.

அந்த வீட்டின் அத்திவாரம் முதலில் வெட்டப்பட்டது அவளுக்காக. அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். பெண் பிள்ளை பெரியவளாகிய நாளிலிருந்து வாப்பாமாருக்குக் கல்லும் மண்ணும்தான் கனவு. ஸுல்பிகா பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான வருடம் வாப்பா கலந்தர் அத்திவாரம் போட்டார். அவள் பட்டம் முடித்து வந்தபோது மாப்பிள்ளையும் பேசினார். மேலே படிக்கப் போகிறேன் என்று அவள் உம்மாவிடம் சொல்லி, உம்மா வாப்பாவிடம் சொன்னாள். அவர் இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை. பிறகு, படிக்கட்டும் என்றார். அத்திவாரத்தில் எருக்கலை முளைத்தது. போன வருடம் ஸப்னாவுக்குக் கல்முனையிலிருந்து சம்பந்தம் வந்தபோது அந்த எருக்கலையைப் பிடுங்கினார்கள். ஸுல்பிகாவிடமும் கேட்டார்கள். அவள் தலையாட்டினாள். மனதாரத்தான் ஆட்டினாள். ஆனால் மூத்தவள் இருக்க இளையவளுக்கா என்று ஊர் கேட்ட கேள்விக்கு யார் தலையாட்டுவது?

அந்த வீட்டைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு குறை வந்தால் அதற்கு ஊர் வைக்கப்போகும் பெயர் அவளுக்குத் தெரியும். வயிற்றெரிச்சல்.

மண்ணைப் பற்றியும் அவளுக்குத் தெரியும். இரண்டு வருடமாக அதைத்தான் படிக்கிறாள். மாரி முடிந்ததும் கடல் வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு கறுப்பு மண்ணைக் கரையில் வரிவரியாக விட்டுப்போகும். அந்தக் கறுப்புக்குள் தேன் நிறத்தில் சின்னச் சின்ன மணிகள் கலந்திருக்கும். மொனசைட். ஆய்வுகூடத்தில் அதை அமிலத்தில் கரைத்து, அதற்குள் ஒட்டிக்கொண்டு கிடக்கிற லாந்தனைடுகளைப் பிரித்தெடுப்பது அவள் வேலை. சீரியம், லாந்தனம், நியோடிமியம் எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. ஒன்றைக் கூப்பிட்டால் மற்றதும் கூட வரும். அவற்றோடு அக்டினைடு வரிசையிலிருந்து ஒரு விருந்தாளியும் வரும். தோரியம். நியோடிமியக் கரைசலுக்கு மெல்லிய ஊதா நிறம் உண்டு. சீரியம் மஞ்சளாகும். தோரியத்துக்கு நிறமில்லை. கண்ணாடிக் குழாயில் வெறும் தண்ணீர்போல நிற்கும். அதைக் கையாளும் நாட்களில் கையுறை போட்டு, கதவைத் திறந்து வைத்து, வேலை முடிந்ததும் மேசையைக் கருவியால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவாள்.

தங்கையின் அறையில் அது முழங்கால் ஆழத்துக்குக் கிடந்தது.

பொழுது பட்டதும் வாப்பா மஃரிப் தொழுதுவிட்டு வந்தார். முகம் கழுவிய ஈரத்தோடு, நேராக அவளிடம் வந்து, "பாத்தியா?" என்றார்.

"ஓம் வாப்பா."

"எப்பிடி?"

அவருடைய முகத்தைப் பார்த்து வேறு காரணம் சொல்ல முடியாது என்று அவள் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கடல் மண் உப்பல்லவா வாப்பா. சீமெந்து பொரிஞ்சிரும் எண்டு சொல்லுவாங்க. அள்ளிட்டு ஆத்து மண் போட்டா நல்லமில்லையா?"

"உப்பு." கலந்தர் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தவர்போல உம்மாவின் பக்கம் திரும்பிச் சிரித்தார். "சல்மா, கேட்டியா? மகள் உப்புக் கதைக்கிறா. ரெண்டு போகம் வெள்ளாம செய்யிற எனக்கு உப்பு தெரியாதாம். மகள், மாரி முழுக்க அந்த மண்ண வெளியில போட்டு மழையில நனைய விட்டன். மறுகா வயலுக்குக் கொண்டு போய் வாய்க்கால்ல கொட்டி, மம்பட்டியால கிளறிக் கிளறித் தண்ணியப் பாய விட்டன். உப்பும் போயிட்டு, கலந்து கிடந்த வெள்ள மண்ணும் ஓடிட்டு. மிஞ்சினது தனிக் கறுப்பு. பத்து ட்ரக்டர் கொண்டு போனது ஏழாச்சு. ஆனா பாரமெண்டாப் பாரம். ட்ரக்டர்க்காரன் ஏசினான்."

கரையில் எடுத்த அளவைவிட வீட்டுக்குள் ஊசி ஏன் இத்தனை ஏறியது என்று ஸுல்பிகா பின்னேரத்திலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள். ஆய்வுகூடத்தில் சரித்து வைத்த மேசையில் தண்ணீரை ஓட விட்டு அவள் செய்கிற வேலையும் இதுதான். இலேசான மணல் ஓடிப்போகும். கனத்தது தங்கும். மொனசைட் கனம். ஒரு மாரி காலம் முழுக்க இருந்து, தன் மகளின் அறைக்காக, வாப்பா அதைச் செறிவாக்கியிருக்கிறார்.

"ஏன் வாப்பா இந்த மண்?"

"இதென்ன கேள்வி? அண்டைக்குக் கரையில நான்தானே ஒன்னோட நிண்ட. வெள்ள மண் எவ்வளவு கிடந்திச்சு. ஒரு பிடி எடுத்தியா நீ? கறுப்பத் தேடித் தேடித்தானே அள்ளினாய். பெறுமதியான மண்ணா மகள் எண்டு கேட்டன். ஓம் வாப்பா எண்டு சொன்னாய். படிச்ச ஆக்கள் அவ்வளவு தூரம் தூக்கிட்டுப் போற மண் எண்டா, என்ட புள்ளைட காலுக்குக் கீழயும் அதுதான் கிடக்கணும் எண்டு நினைச்சன்."

அவள் தனியாகக் கரைக்குப் போக முடியாது என்பதால் அவர் கூட வந்தார். நாள் முழுக்க வெயிலில் மம்பட்டி பிடித்தார். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தோரியம் என்ற சொல்லை வாப்பாவிடம் சொல்ல, அதற்கு முன்னால் இன்னும் ஐம்பது சொற்கள் சொல்ல வேண்டியிருந்தது. அவள் சின்ன வயதிலிருந்தே சொற்களைச் சிக்கனமாகப் பாவிக்கிறவள்.

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சல்மா உம்மா தேத்தண்ணியோடு வந்து, வாப்பாவிடம் கோப்பையைக் கொடுத்துவிட்டு, அவள் பக்கம் கிறுகிக் குரலைத் தாழ்த்தினாள். "அடுத்தூட்டுச் சரீபா ரெண்டு தரம் வந்துட்டாள். மூத்தவள் வந்திட்டாளா, முகம் எப்பிடி இரிக்கி எண்டு கேட்டுட்டுப் போறாள். நீ கொஞ்சம் சிரிச்ச முகமா இரி மகள். நான் ஒண்டும் நினைக்கல்ல. ஊருக்குச் சொல்றன்."

ஸுல்பிகா வாயை மூடிக்கொண்டு சிரித்த முகமாக இருந்தாள்.

மறுநாள் காலை, கம்பஸ் சேருக்கு ஒரு டெலிபோன் கோல் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு கல்முனைக்கு பஸ் ஏறினாள். நிந்தவூர் தாண்டும்வரை இருபுறமும் பச்சையாகப் பயிர். காரைதீவுச் சந்திச் சாவடியில் எல்லோரும் இறங்கி நடந்து மறுபடி ஏறினார்கள். கல்முனையில் கடைகள் ஜும்ஆத் தொழுகைக்கு மூடுவதற்கு முன்னால் சாமான் வாங்குகிற சனம் நிறைந்திருந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த கொமியூனிகேஷன் என்ற டெலிபோன் கடையில் குவைத்துக்குக் கதைக்க மூன்று பெண்கள் காத்திருந்தார்கள். பலகைத் தடுப்புக்குள் நின்று கதைத்தால் வெளியில் இருப்பவர்களுக்கு எல்லாம் கேட்கும்.

அவளுடைய மேற்பார்வையாளர் நல்லரெத்தினம் காரைதீவைச் சேர்ந்தவர். மெதுவாகக் கதைப்பார், அவள் அதைவிட மெதுவாகக் கதைப்பாள். அவர்கள் இருவருடைய கூட்டங்களும் பெரும்பாலும் மௌனத்திலேயே நடக்கும்.

"சேர், ஒரு வீட்டுக்குள்ள அளந்தன்" என்று தொடங்கி, அளவைச் சொன்னாள்.

"சத்தமாக் கதைங்க தங்கச்சி. லைன் சரியில்ல" என்றான் கடைக்காரன். குவைத்துக்குக் காத்திருந்த பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒலிவாங்கியைக் கையால் மறைத்துக்கொண்டு, எண்ணை இன்னொரு முறை சொன்னாள்.

மறுமுனையில் அவர் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "வீட்டுக்குள்ளயா? கரையிலயே இவ்வளவு வராதே."

"கழுவின மண், சேர். தண்ணி பாய்ச்சிக் கழுவி நிலத்துக்குப் போட்டிரிக்கி."

"ஆருட வீடு பிள்ள?"

"தெரிஞ்ச ஆக்கள்ட."

"ஆக்கள் குடியிருக்காங்களா?"

"இன்னும் இல்ல. கலியாணத்துக்குக் கட்டுற வீடு."

நல்லரெத்தினமும் மனைவிக்குக் கொடுத்த வீட்டில் குடியிருப்பவர்தான். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "நிலம் போட்டாச்சா?"

"நாளைக்குக் காலையில."

"சரி, கேளுங்க. ஆரையும் பயப்பிடுத்திப் போடாதீங்க. நாலு நாள் நிண்டு போறதால ஒருத்தருக்கும் ஒண்டும் வராது. கரையில தோணி இழுக்கிற சனம் காலம் முழுக்க அந்த மண்ணிலதான் நடக்குது. ஆனா கழுவிச் சேர்த்து, அறைக்குள்ள போட்டு, அதுக்கு மேல முப்பது நாப்பது வருசம் படுத்தெழும்புறது வேற கதை. அதில இருந்து வாற வாயு பூட்டின அறைக்குள்ள நிக்கும். சின்னப் பிள்ளையள் நிலத்திலதான் கிடக்கும்."

"சீமெந்து போட்டா மறைக்காதா, சேர்?"

"கொஞ்சம் குறைக்கும். நிப்பாட்டாது. இப்ப அள்ளுறது ஒரு நாள் வேலை. அள்ளி, எடுத்த கரையிலயே கொண்டு போய்க் கொட்டட்டும். கொங்கிரீட் போட்ட பிறகு உடையுங்க எண்டு சொல்ல உங்களுக்கு வாய் வருமா?"

அவள் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"இப்பவே வருதில்லப் போல" என்றார் அவர், இன்னும் மெதுவாக. "நான் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வாறன். வேணுமெண்டா நான் வந்து சொல்றன்."

"ஞாயிறு பிந்திரும், சேர்."

"ஓம். அப்ப நீங்கதான் சொல்லணும்."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பியபோது, வரிசையில் முதலில் நின்ற பெண் அவளுடைய கையைத் தொட்டு, "ஊட்டுல ஆருக்கும் சுகமில்லையா மகள்?" என்று கேட்டாள்.

"இல்ல மாமி. எல்லாரும் சுகம்" என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்து சொற்களைத் தேடினாள். நஞ்சு என்றால் ஊர் பிடித்துக்கொள்ளும்; மண்ணை அள்ளி எறிந்த பிறகும் அது நஞ்சு வீடாகவே நிற்கும், ஸப்னாவின் பிள்ளைகளும் நஞ்சு வீட்டுப் பிள்ளைகளாக வளரும். நல்லதில்லை என்றால் வாப்பா சிரிப்பார். கதிர்வீச்சு என்றால் எங்கோ தூரத்து நாட்டில் போட்ட குண்டு ஞாபகத்துக்கு வரும். சரியான அளவுக்குச் சரியான சொல் ஒன்று வேண்டும். தராசில் மில்லிகிராமைக் கூட்டிக் குறைப்பதுபோல அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஒலுவில் வந்தபோது ஒன்றை முடிவு செய்தாள். ஜும்ஆ முடிந்து வாப்பா வந்ததும், சாப்பாட்டுக்கு முதல், அவரைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, அவரிடம் மட்டும் சொல்வது. மற்றவர்களிடம் உப்பு என்று அவர் சொல்லிக்கொள்ளட்டும்.

வாசலில் நாலு ஜோடி புதுச் செருப்பு கிடந்தது.

"எங்க போனாய் இவ்வளவு நேரம்?" உம்மா குசினிக்குள் வியர்த்து வழிந்துகொண்டிருந்தாள். "சம்பந்திமார் பின்னேரம் வருவம் எண்டாங்க. இப்ப பாத்தா, ஜும்ஆவுக்கு நம்மட பள்ளிக்கே வந்து தொழுதுட்டு வாப்பாவோட வந்திட்டாங்க. ஊடு பாக்க. கோழிக்கறிக்கு உப்புப் பாரு."

மாப்பிள்ளை அஹ்ஸனின் வாப்பா ஸைனுலாப்தீனும் அவருடைய தம்பிமார் மூவரும் முன்னறையில் நெய்ச்சோற்றுக்கு முன்னால் இருந்தார்கள். ஸைனுலாப்தீன் கல்முனையில் புடைவைக் கடை வைத்திருப்பவர். சத்தமாகச் சிரிப்பார், மற்றவர்களையும் சிரிக்க வைப்பார். ஸுல்பிகா குசினிக் கதவுக்குப் பின்னால் இருந்து வாப்பாவின் முகத்தைப் பார்த்துக் கண்ணால் கூப்பிட முயன்றாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, விருந்தாளியின் சகன் தட்டில் இன்னொரு கோழித் துண்டைத் தூக்கி வைத்தார்.

சாப்பிட்டுக் கைகழுவியதும் எல்லோரும் எழுந்து புது வீட்டுக்குப் போனார்கள். பெண்கள் பின்வாசலால் போய் உள்ளறையில் நின்றார்கள். ஸப்னா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஸுல்பிகாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"கலந்தர் காக்கா, நிலம் கண்ணாடி மாதிரி மினுங்குதே" என்றார் ஸைனுலாப்தீன். "சீமெந்து போடாம இப்பிடியே விட்டா, எங்கட பொடியன் முகம் பாத்துத் தல சீவலாம்."

"அதுக்கு அவருக்குத் தலையில மயிர் இரிக்கணுமே காக்கா" என்று தம்பிமாரில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஸப்னா பின்னால் இருந்து ராத்தாவின் முதுகில் கிள்ளினாள்.

கலந்தர் குனிந்து ஒரு பிடி அள்ளி விருந்தாளியின் உள்ளங்கையில் வைத்தார். "பாரத்தப் பாருங்க. இது சும்மா மண்ணில்ல. என்ட மூத்தவ கம்பஸ்ல படிக்கிற மண். பெரிய பெரிய ஆக்கள் இதுக்காகத்தான் மகள கரைக்கு அனுப்புறாங்க." பிறகு வாய்க்காலின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். மழை, மம்பட்டி, ட்ரக்டர்க்காரனின் ஏச்சு, ஒன்றையும் விடவில்லை.

ஸைனுலாப்தீன் மண்ணை விரலிடையில் ஒழுக விட்டுக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்து, குரலை மாற்றி, "மிச்சம் இரிக்கா?" என்றார்.

"ஏன் மச்சான்?"

"எங்கட தெரு மதரஸாவுக்கு நிலம் போடணும். நான்தான் அதுக்குப் பொறுப்பு. அறுபது புள்ளையள் ஓதுதுகள். சுபஹுத் தொழுததுல இருந்து பள்ளிக்கூட நேரம் வரைக்கும், மறுகா அஸருக்குப் பொறகும், நிலத்துலதான் இரிக்கிதுகள். நல்ல மண்ணாப் போடணும் எண்டு தேடிட்டுத் திரியிறன்."

"வளவுக்க ரெண்டு ட்ரக்டர் கிடக்கு. எடுத்துட்டுப் போங்க" என்றார் கலந்தர். "காணாட்டி இன்னும் கொண்டு வந்து, நானே கழுவித் தாறன். ஓதுற புள்ளையளுக்கு எண்டா எனக்கும் நன்மைதானே."

ஸுல்பிகா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கிணற்றடியில் வாப்பாவிடம் மட்டும் சொல்வதற்காக வைத்திருந்த சொற்கள் இனிப் போதாது. நாளைக்கு அவை இன்னொரு ஊருக்கும் போக வேண்டும். அங்கே அறுபது பிள்ளைகளின் வீடுகள்.

"இந்த மண்ணுல அப்பிடி என்னதான் இரிக்கி காக்கா?" என்று ஸைனுலாப்தீன் கேட்டார். "இரும்பா?"

கலந்தர் வாயைத் திறந்து, மூடினார். தனக்கு அது தெரியாது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்ததுபோல இருந்தது. ஒரு கணம் கூச்சப்பட்டார். பிறகு முகம் மலர்ந்து, "நான் ஏன் சொல்ல? ஆளே இரிக்கிறா. சல்மா, மூத்தவள இஞ்சால வரச் சொல்லு" என்றார்.

உள்ளறையில் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஸுல்பிகா அசையவில்லை. ஆய்வேட்டை நான்கு விரிவுரையாளர்களுக்கு முன்னால் வாசிக்கச் சொன்ன நாளில் அவளுக்குக் குரலே எழும்பாமல், நல்லரெத்தினம் சேர்தான் பாதியை வாசித்தார். சபையில் ஆண்களுக்கு முன்னால் அவள் இன்றுவரை ஸலாம் சொன்னதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை.

"போகா. வாப்பா கூப்பிடுறாரு" என்று ஸப்னா தோளைத் தள்ளினாள்.

அவள் வெளியே வந்து, வாப்பாவுக்கு இரண்டு முழம் தள்ளி, கறுப்பு மண்ணின் மேல் வெறுங்காலோடு நின்றாள். கால் கொஞ்சம் புதைந்தது.

"இவதான்" என்றார் கலந்தர். "மச்சான், இவ வாய் திறந்து நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. ஆனா படிப்பு முழுக்க இங்கிலீசு. சொல்லு மகள் மாமாக்கு. இந்த மண்ணுல என்ன இரிக்கி?"

இரண்டு வருடத்தில் அவர் முதல்தடவையாகக் கேட்டார். அவளுக்குச் சட்டென்று ஒரு வழி தெரிந்தது. சீரியம், லாந்தனம், நியோடிமியம் என்று சொல்லிவிட்டு நிறுத்தலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. எல்லோரும் தலையாட்டுவார்கள், வாப்பா அந்தப் பெயர்களை மனப்பாடம் செய்து பள்ளிவாசலில் சொல்லித் திரிவார், சாயங்காலம் தேத்தண்ணி குடித்துவிட்டு சம்பந்திமார் போய்விடுவார்கள், நாளை காலை பதியுதீன் வருவான். வாப்பா அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். சபைக்கு முன்னால் மகள் கதைக்கப்போகிறாள் என்ற சந்தோசத்தில் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டவும் மறந்துபோயிருந்தார்.

"சீரியம் இரிக்கி. லாந்தனம் இரிக்கி" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லு மகள்."

அவள் மூச்சை இழுத்து, சம்பந்தியைப் பார்க்காமல், ஊரைப் பார்க்காமல், வாப்பாவை மட்டும் பார்த்துச் சொன்னாள்.

"தோரியமும் இரிக்கி, வாப்பா. அதுல இருந்து கதிர்வீச்சு வரும். கழுவினதுல அது கூடிட்டு. எனக்கு இது தெரியும், உங்களுக்குத் தெரியாது. இதுக்கு மேல ஸப்னா படுக்கக் கூடாது, புள்ளையள் இரிந்து ஓதக் கூடாது. இதை அள்ளணும்."